நோர்வேப் பிள்ளையின் சட்டை

சட்டை தைக்கிறவளிடம் வரும் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கலியாணத்துக்கு ஒரு வருடம் முன்பே மண்டபம், கேமராக்காரர், கேக், மேடை அலங்காரம் எல்லாவற்றுக்கும் நாளும் நேரமும் குறித்துத் தேர்மின் எடுத்து வைத்துவிடுவார்கள். சாரிச் சட்டைக்கு மட்டும் பத்து நாள் இருக்கும்போது மூச்சு வாங்க வந்து நிற்பார்கள். கையில் தொலைபேசி, அதில் ஒரு நடிகையின் முதுகு. இப்படியே வேண்டும் என்பார்கள். அந்த முதுகு வேறு, உங்கள் முதுகு வேறு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இருபத்தைந்து வருடமாக வாயைக் கட்டிக்கொண்டு, ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறைக்குள் இருந்து தைத்துக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் தைத்த ஒவ்வொருத்திக்கும் ஒரு அளவுக் கடதாசி உண்டு. முன்பக்கம், பின்பக்கம், கை என்று தனித்தனியாக வெட்டி, உறைக்குள் போட்டு, அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். அதெல்லாம் ஃபேஷன் பத்திரிகைத் தாள். காலையில் நான் துப்புரவு வேலை செய்யும் பல்வைத்தியரின் இடத்தில், காத்திருக்கும் அறைக்கென்று மாதாமாதம் அந்தப் பத்திரிகைகள் வரும். பழசானதும் எறிவதற்கு என்னிடம்தான் தருவார்கள். மொத்தமான, வழவழப்பான தாள். நடுப்பக்கத்தை விரித்தால் ஒரு பெண்ணின் முன்பக்கம் அளவாக வரும். ஒரு பக்கம் யாரோ பாரிஸ்காரியின் இடுப்பு, மறுபக்கம் வாசனைத் தைல விளம்பரம், அதன் மேல் பேனாவால் எங்கள் சனத்தின் மார்பளவு. மூலையில் ஆளின் பெயர். பெயர் எழுதாத கடதாசி அலுமாரிக்குள் போகாது. ஒருமுறை எழுத மறந்து, இரண்டு பேரின் கடதாசி மாறி, ஒருத்தியின் சட்டைக்குள் மற்றவள் புக முடியாமல் கோயிலில் நின்றாள். அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

என் மகன் அந்தப் பத்திரிகைகளுக்கு நடுவில்தான் வளர்ந்தான். நான் வெட்டிக்கொண்டிருப்பேன், அவன் நிலத்தில் குப்புறக் கிடந்து பக்கம் பக்கமாகப் பார்ப்பான். பிறகு எழும்பி, இடுப்பில் கை வைத்து, நாடியைத் தூக்கி, கண்ணாடிக்கு முன்னால் நிற்பான். நேராக நில் என்று நான் கத்துவேன். கொஞ்ச நேரம் நேராக நிற்பான். நான் மெஷினில் குனிந்ததும் திரும்பவும் இடுப்பில் கை போகும். பத்திரிகையைத் தூக்கி மேலே வைக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

வளர்ந்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் தொழில் படித்து, கொலோனுக்கு வேலைக்குப் போனான். நாலு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்திருந்தவன், நான் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, தான் ஆண்களை விரும்புகிறவன் என்று எங்கள் இருவருக்கும் சொன்னான். என் கணவர் கறிச்சட்டியைப் பார்த்தபடி இருந்தார். நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "சரி. ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றேன். அவ்வளவுதான். அழவில்லை, நெஞ்சில் அடிக்கவில்லை, கோயிலில் நேர்த்தி வைக்கவில்லை. மற்றத் தாய்மாரைப் போல ஆர்ப்பாட்டம் பண்ணாமல் பெரிய மனசோடு நடந்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அவன் ஓம் என்றான். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். அதன் பிறகு அவன் வருவது குறைந்தது. வந்தாலும் மாலை ரயிலுக்குப் புறப்பட்டுவிடுவான். வேலை கூடிப்போச்சு என்று சொல்வான், நானும் வேலை கூடிப்போச்சு என்றுதான் மற்றவர்களுக்குச் சொல்வேன்.

போன வருடம் மாசி மாதம் ஒருநாள் அவனே தொலைபேசி எடுத்தான். எனக்கு ஒரு உடுப்புத் தைத்துத் தர ஏலுமோ என்று கேட்டான். பத்து வயதுக்குப் பிறகு அவன் என்னிடம் ஒரு பொத்தான் கூடத் தைத்துத் தரும்படி கேட்டதில்லை. என்ன உடுப்பு என்றேன். அங்கேதான் என் பொறுமைக்குச் சோதனை தொடங்கியது.

அவன் ஒரு ஆட்டம் ஆடுகிறானாம். வோகிங் என்று பெயர். நியூயோர்க்கில் கறுப்பினச் சனமும் லத்தீன் சனமும் தொடங்கியதாம். ஆண்களை விரும்புகிற ஆண்கள், திருநங்கைகள், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள். இவர்களை எந்தப் பத்திரிகை அட்டையில் போடுவார்கள், எந்தப் போட்டிக்கு எடுப்பார்கள். அதனால் தாங்களே மண்டபம் பிடித்து, தாங்களே போட்டி வைத்து, ஃபேஷன் பத்திரிகையில் பெண்கள் நிற்கும் நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக நின்று காட்டி ஆடினார்களாம். ஆட்டத்தின் பெயரே அப்படி ஒரு பத்திரிகையின் பெயரிலிருந்து வந்ததாம். அந்த ஒன்றுகூடலுக்கு 'போல்', அதாவது நடன விருந்து, என்று சொல்வார்களாம். ஆடுகிறவர்கள் குழுக் குழுவாக ஹவுஸ் என்று இருப்பார்களாம். ஒவ்வொரு ஹவுஸுக்கும் ஒரு மதர் இருப்பாராம்.

எத்தனை தாய் உனக்கு என்று கேட்டேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முதுகு ஒடிய மெஷினில் குனிந்து படிப்பித்த பிள்ளைக்கு, யாரோ ஒரு பெண் கொலோனில் தாயாக இருக்கிறாள். அவனுக்குச் சளி பிடித்தால் அவள்தான் சூப் வைத்துக் கொடுக்கிறாளாம். இதையும் என்னிடமே சொல்கிறான்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடக்கும் போட்டியில், பத்திரிகை அட்டையில் வரத்தக்க ஒரு உடுப்போடு ஆட வேண்டும், அந்த உடுப்பு அவரவர் வீட்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. எனக்குப் பட்டுச் சாரியில் ஒரு ஜாக்கெட் வேணும் அம்மா, அகலமான தோளோடை, என்றான். நான் உடனே ஓம் என்றேன். ஓம் என்று சொன்ன பிறகுதான் என்ன பைத்தியக்காரத்தனம் என்று யோசித்தேன்.

சாரிக்குக் குறைவில்லை. ஒரு ஊதா நிறப் பட்டு கிடந்தது. அதை யாரோ ஒரு சாமத்தியவீட்டில், பெரியபிள்ளையான சடங்குக்கு, யாருக்கோ கொடுத்து, அவர் அதை இன்னொரு வீட்டுக் கலியாணத்தில் கொடுத்து, அப்படியே ஐந்தாறு வீடு சுற்றி, கடைசியில் என் பிறந்தநாளுக்கு என் கைக்கு வந்து சேர்ந்தது. முதலில் அதைக் கொடுத்ததே நான்தான் என்று எனக்குச் சந்தேகம். அந்தச் சாரியை வெட்டும்போது பெரிய நிம்மதியாக இருந்தது.

வெட்டுவதுதான் வில்லங்கமாகிவிட்டது. நான் தைப்பது கையைத் தூக்காத பெண்களுக்கு. எங்கள் சனம் சாரிச் சட்டையோடு செய்யும் ஆகக் கடினமான வேலை அர்ச்சனைத் தட்டை நீட்டுவதுதான். அக்குளடியில், கம்மக்கட்டு இறுக்கமாக இல்லாவிட்டால் தைத்தவளைப் பழிப்பார்கள். இவனோ கையைத் தலைக்குப் பின்னால் சுற்ற வேண்டும், குந்தியிருந்து வாத்து மாதிரி நடக்க வேண்டும், கடைசியில் ஒரு காலை மடித்து முதுகு நிலத்தில் படும்படி விழ வேண்டும் என்கிறான். வீடியோ அனுப்பினான். பார்த்துவிட்டு என் முழங்கால் நொந்தது. நான்கு முறை கைப்பகுதியைக் கழற்றித் தைத்தேன். கம்மக்கட்டில் தனியாக ஒரு துண்டு வைத்துப் பார்த்தேன். கணவரைப் பிடித்து நிறுத்தி, ஜாக்கெட்டை மாட்டி, கையைத் தூக்கச் சொன்னேன். இது ஆருக்கு என்று கேட்டார். உங்கடை மகனுக்கு என்றேன். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் சலித்துக்கொள்கிற மனுசன், நான் குண்டூசி குத்தி முடிக்கும் வரைக்கும் கையைத் தூக்கியபடியே நின்றார்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் என்னிடம் வழக்கமாகத் தைக்கிற ஒரு அம்மா வந்தார். மகளுக்குக் கலியாணம். ஏழு சட்டை, ஏழிலும் ஆரி வேலை, வழக்கம் போல அவகாசம் இல்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் சனம் கூடும் மண்டபத்தில் ஒரு செய்தி தொடங்கினால் அது முடியும் இடம் இவர் வாய். அவரை அறைக்குள் விட்டது என் பிழை. கதவு திறந்ததும் மெஷினுக்குப் பக்கத்தில் ஊதாப் பட்டு ஜாக்கெட் அகலத் தோளோடு தொங்குகிறது. மேசையில் அதன் அளவுக் கடதாசி விரித்துக் கிடக்கிறது. இரண்டு நடுப்பக்கங்களை ஒட்டி வெட்டியிருந்தேன்.

"இது ஆற்றை சட்டை அக்கா?" என்று கேட்டார்.

யாருடையது என்ற அந்தக் கேள்விக்கு விடை ஒரு சொல்தான். ஒரு வினாடிக்குக் கூட யோசிக்கத் தேவையில்லை. நானும் யோசிக்கவில்லைத்தான். "நோர்வேயிலை ஒரு பிள்ளை. பரதநாட்டியம் ஆடுறவா. ஏதோ புதுமையாச் செய்யினமாம்" என்று என் வாய் சொன்னது. இவ்வளவு தோள் அகலமோ என்று அவர் கேட்டார். நல்லாச் சாப்பிடுற பிள்ளை என்றேன். அவர் அந்தக் கடதாசியையே பார்த்தபடி இருந்தார். மூலையில் பெயர் இல்லை. என்னிடம் பெயரில்லாத கடதாசி கிடையாது என்பது அவருக்கும் தெரியும், என்னிடம் தைக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். நான் பேனாவை எடுத்து, அவர் கண்ணுக்கு முன்னால், 'நோர்வேப் பிள்ளை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எழுதிவிட்டு அவரின் மகளுடைய அளவை எடுக்கத் தொடங்கினேன்.

அவர் போன பிறகாவது அதை வெட்டி எறிந்திருக்கலாம். மறந்தே போனேன். ஏழு சட்டையும் ஆரி வேலையும் தலைக்கு மேல் கிடந்தன என்று இப்போது சாக்குச் சொல்கிறேன்.

போட்டிக்கு முதல் வாரம் சனிக்கிழமை, அளவு பார்க்க மகன் வந்தான். காலை ரயிலில் வந்து, கைலி கட்டிக்கொண்டு, இரண்டு முறை தோசை கேட்டுச் சாப்பிட்டான். ஜாக்கெட்டைப் போட்டதும் அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று கையைச் சுற்றினான். தலைக்கு மேல், தோளுக்குப் பின்னால், முகத்துக்கு முன்னால் ஒரு சட்டம் போல. எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் இழுக்கவில்லை. குந்தியிருந்து அந்த வாத்து நடையில் மெஷினிலிருந்து கட்டில் வரை போனான். கீழ்வீட்டுக் கிழவி தடியால் முகட்டில் தட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம். எத்தனை வருடத்துக்குப் பிறகு அவன் இந்த வீட்டில் அப்படிச் சிரித்தான் என்று நான் எண்ணிப் பார்த்தேன்.

பின் இடுப்பில் கொஞ்சம் பிடிக்க வேண்டியிருந்தது. கடதாசியிலும் குறித்து வைப்போம் என்று அவனையே அதை எடுக்கச் சொன்னேன். எடுத்தான். மூலையைப் பார்த்தான்.

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து வருடம் அழ அழ இழுத்துக்கொண்டு போனது நான்தான். மற்ற வீடுகளில் பிள்ளைகள் ஒரு வரி வாசிக்க மாட்டார்கள், என் பிள்ளை மட்டும் கோயில் அறிவித்தல் முதல் தேங்காய்ப்பால் தகரம் வரை எல்லாம் வாசிப்பான். அதில் எனக்கு எத்தனை பெருமை. அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

"நோர்வேப் பிள்ளை ஆர் அம்மா?" என்று கேட்டான்.

நடந்ததைச் சொன்னேன். இன்னார் வந்தார், கேட்டார், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொண்டு நின்றபடியால் எழுத வேண்டியதாகப் போய்விட்டது, அவரின் வாய் உனக்குத் தெரியும்தானே என்று. சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்தது. நான் உனக்காகத்தானே ராப்பகலாகத் தைத்தேன், ஒரு பெயர் எழுதினதுக்கா இந்த முகம் என்று அவனையே திட்டத் தொடங்கிவிட்டேன். எனக்கு வெட்கம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அது என் பிறவிக் குணம்.

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன். அவன் ஜாக்கெட்டை மெதுவாகக் கழற்றி, தோள் நசியாமல் திரும்பவும் உடுப்புத் தூக்கியில் மாட்டினான். கைலியை மாற்றி, பையை எடுத்தான்.

"இது என்ரை இல்லையே அம்மா. அந்தப் பிள்ளைக்கே அனுப்பிவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, தகப்பனிடம் போயிட்டு வாறன் என்றும் சொல்லிவிட்டுப் போனான். மத்தியானத்துக்கு அவனுக்கென்று வாங்கிய ஆட்டிறைச்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கிழமை முழுவதும் அவன் தொலைபேசி எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் பார்த்தான், பதில் எழுதவில்லை. எனக்கு அவன் மேல் எரிச்சல், அந்த அம்மாவின் மேல் எரிச்சல், அவரின் ஏழு சட்டை மேல் எரிச்சல். இடையிடையே என்னில் எனக்கே வந்த எரிச்சலை மற்ற எரிச்சல்களுக்குள் போட்டு மூடினேன். ஆனால் பின் இடுப்பைப் பிடித்துத் தைத்தேன், கொளுக்கி வைத்தேன், உள்ளே மெல்லிய லைனிங் போட்டேன். ஞாயிறு காலையில் கலியாணச் சாரி வைக்கும் பெரிய உறைக்குள் ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு கதவடியில் நின்றபோது, என் கணவர் கேட்காமலே கார்த் திறப்பை எடுத்தார். ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, உடுப்பை நசிக்காமல் மேலே வை என்று மட்டும் சொன்னார்.

ரயில் பிந்தியது. அதுவும் சொல்லத் தேவையில்லை. இடையில் ஒரு நிலையத்தில் எல்லோரையும் இறக்கி வேறு ரயிலில் ஏற்றினார்கள். அதிலே இடமில்லை. உறையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கொலோன் வரை நின்றபடி போனேன்.

மண்டபம் ஒரு பழைய தொழிற்சாலை. இரண்டு மணிக்குத் தொடங்கும் என்று அறிவித்தலில் இருந்தது. நான் மூன்றரைக்கு ஓடி ஓடிப் போனபோது இன்னும் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சனம் மட்டும்தான் இப்படி என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். வாசலில் நின்ற பெட்டை, நீங்கள் யாரோடு வந்தீர்கள் என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள். மகன் ஆடுகிறான் என்று அவன் பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவரைத் தெரியாது என்றாள். அங்கே அவனுக்கு வேறு பெயராம். என் பிள்ளை என்ன பெயரில் ஆடுகிறான் என்று எனக்குத் தெரியாமல், சாரி உறையோடு வாசலில் நின்றேன். தொலைபேசியில் அவனுடைய படத்தைக் காட்டிய பிறகுதான் அவள் முகம் மலர்ந்து உள்ளே ஓடினாள்.

வந்தது அந்த மதர். நாற்பது வயதிருக்கும், உயரமான கறுப்பினத் திருநங்கை, விளையாட்டு உடுப்பு, காதில் பெரிய வளையம், கொலோன்காரரின் இழுவைப் பேச்சு. என் கையை இரண்டு கையாலும் பிடித்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். எனக்கு உச்சியில் ஏறியது. அது நான் கேட்கிற கேள்வி. என் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று நான் அவரிடம் கேட்க வேண்டிய நிலையும் இருந்தது. கேட்டேன். ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஆடுகிறதில்லை என்று சொல்லிவிட்டு இன்றைக்குத்தான் வந்திருக்கிறான் என்றார். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்திருந்தது போல இருந்தது.

மகன் சாதாரணக் கறுப்புச் சேர்ட்டோடு வந்தான். உறையை நீட்டினேன். வாங்கினான். நன்றி என்றான், முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் போட்டான்.

அவன் ஆடியதை எனக்குத் தெரிந்த மாதிரித்தான் சொல்ல முடியும். நடுவில் ஒரு நீண்ட இடைவெளி, இரண்டு பக்கமும் சனம், முடிவில் நடுவர்கள். ஒருவர் ஒலிவாங்கியில் நிறுத்தாமல் பாட்டு மாதிரிக் கதைத்துக்கொண்டிருக்க, அவன் நடந்து வந்தான். நான் நேராக நில் என்று கத்திய அத்தனை நிலையும் வந்தது. இடுப்பில் கை, தூக்கிய நாடி, திரும்பிய தோள். ஒவ்வொன்றும் ஒரு வினாடிதான் நிற்கும், பிறகு கை தண்ணீராக ஓடும். குந்தியிருந்து நடந்தான், சுழன்றான், முதுகு நிலத்தில் பட விழுந்தான். சனம் ஒரே குரலில் கத்தியது. நான் ஜாக்கெட்டின் கம்மக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நூல் கூட அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எப்போது கண்ணீர் வந்தது என்று தெரியாது. அவன் அழகாக இருந்தான். என் பிள்ளை அவ்வளவு அழகு என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நடுவர்கள் எல்லோரும் பத்து என்று அட்டை காட்டினார்கள். பிறகு ஒருவரோடு ஒருவர் மோதும் சுற்று. இறுதிக்கு முந்தின சுற்றில் ஒரு மெலிந்த பெட்டையிடம் தோற்றான். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் போட்டிருந்தது கடையில் வாங்கி வீட்டில் மணி ஒட்டின உடுப்பு, கீழ் மடிப்பு பிரிந்து கிடந்ததை நான் என் கண்ணால் கண்டேன். எழுந்து நடுவரிடம் போய்க் கேட்க வெளிக்கிட்டேன். மதர் என் தோளில் கை வைத்து இருத்தினார். உடுப்புக்கு உங்கள் பிள்ளைக்குத்தான் வெற்றி, ஆட்டத்தில் அவள் இன்றைக்கு வெல்லும் பசியோடு இருந்தாள் என்றார். எங்கள் ஆண்டு விழாவில் பிரதம விருந்தினர் மூன்று மணித்தியாலம் பேசுவதை விட இது பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மகன் என்னை ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விட்டான். தையல் நல்லா இருந்தது அம்மா என்றான். உனக்கு இடுப்பு மெலிந்துபோச்சு என்றேன். ஏறும்போது கட்டிப்பிடித்தான், அதுவும் பக்கவாட்டில். பயணம் முழுவதும் எனக்கு ஆத்திரம். இவ்வளவு தூரம் வந்தேன், நின்றபடி வந்தேன், இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மா ஏழு சட்டையும் போட்டுப் பார்க்க மகளோடு வந்தார். மகள் உள்ளே மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் வெறுமையாகக் கிடந்த உடுப்புத் தூக்கியைப் பார்த்து, நோர்வேக்கு அனுப்பியாச்சோ, அந்தப் பிள்ளையின் ஆட்டம் நல்லபடியாக நடந்ததோ என்று கேட்டார். நான் வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தேன். ஓம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன்.

"நோர்வேயிலை ஒருத்தரும் இல்லை. அது என்ரை மகன்ரை. அவன்தான் ஆடுறவன். அவன் ஆம்பிளையளை விரும்புற பிள்ளை" என்றேன். சொல்லும்போது குரல் சண்டைக்குப் போகிறவளின் குரலாக இருந்தது. ஏழு சட்டையையும் தூக்கிக்கொண்டு போகிறார் என்றால் போகட்டும் என்று தயாராக நின்றேன்.

அவர் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் தன் கைப்பையின் வாரைச் சரிபண்ணினார்.

"அது எங்களுக்குத் தெரியும்தானே அக்கா" என்றார். அவரின் மகள் மூன்று வருடமாக அவனுடைய வீடியோக்களைப் பார்க்கிறாளாம். மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியுமாம். நீங்கள் நோர்வே என்று சொன்னவுடன், பாவம், சொல்ல முடியாமல் இருக்கிறீர்கள் என்று தானும் தோள் அகலத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு அத்தோடு விட்டாராம். நீங்கள் ஒருநாளும் வாய் திறக்காததால் நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை என்றார். உள்ளே இருந்து மகள், அன்ரி, அவர் ஞாயிற்றுக்கிழமை தோத்தது அநியாயம் என்று குரல் கொடுத்தாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொதித்துக்கொண்டு வந்தது. நாலு வருடம் கோயில் வீதியில், கலியாண வீட்டில், கடையில் ஒவ்வொரு வார்த்தையையும் அளந்து அளந்து கதைத்திருக்கிறேன். எவருக்குமே மறைவில்லாத ஒன்றை மறைத்துவைத்து, என் பிள்ளையை மட்டும் நோகப் பண்ணியிருக்கிறேன். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்றைக்கு எடுத்தான்.

எல்லாருக்கும் தெரியுமாம், உனக்கும் அது தெரியுமோ என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். ஓம், தெரியும் என்றான். அந்த அம்மாவின் மகள் அவனுடைய வீடியோக்களுக்குக் கீழே கருத்து எழுதுவாளாம். எனக்குத் தாங்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதானா அந்த ஒரு கடதாசிக்கு அப்படிக் கோபித்துக்கொண்டு போனாய், என்னை ஒரு கிழமை அலைய வைத்தாய், பிறகு என்னத்துக்கு அந்தக் கோபம் என்று கத்தினேன்.

அவன் கடைக்குள் இருந்திருக்க வேண்டும், பின்னால் யாரோ வாடிக்கையாளரின் குரல் கேட்டது. வெளியே வந்து கதவைச் சாத்துகிற சத்தமும் கேட்டது.

"அவைக்குத் தெரியோணும் எண்டு இல்லை அம்மா. நீங்கள் சொல்லோணும் எண்டுதான்."

நான் கதிரையில் இருந்தேன். இண்டைக்குச் சொல்லிப்போட்டன் என்றேன். ஆரிட்டை என்று கேட்டான். சொன்னேன். என்னெண்டு சொன்னனீங்கள் என்று கேட்டான்.

"அது என்ரை மகன்ரை எண்டு."



"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றான்.

சொன்னேன்.